பத்து மரத் தூரம்

விடியற்காலை ஐந்து மணிக்குக் கைப்பேசி சிணுங்கியது. அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில் கால்நடை மருத்துவம் படிக்கிற பேத்தி. மூன்று படமும் ஒரு கேள்வியும் அனுப்பியிருந்தாள். "தாத்தா, ஏப்ரல்ல கூட்டாளி குடும்பத்தோட வான்கோழி வேட்டைக்குப் போறேன். எந்த சோக் போடணும், எந்தத் தோட்டா வாங்கணும்? நீங்கதான் சொல்லணும்."

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் குழல் வாயில் திருகிப் பொருத்துகிற விரல் நீள இரும்புக் குழாய்கள் நான்கு. மற்ற இரண்டிலும் கடை அலமாரியில் அடுக்கிய தோட்டாப் பெட்டிகள். ஒரு பெட்டியின் விலையில் எங்கள் காலத்தில் தோட்டத் தொழிலாளர் லயத்துக் குடும்பம் ஒன்று ஒரு மாதம் சாப்பிட்டிருக்கும். என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "வான்கோழிதானே? கிறிஸ்மஸ் நேரத்துல ஈப்போ சூப்பர்மார்க்கெட்டுல ஐஸ்ல போட்டு விக்கிறான். அதை வாங்கித் தின்னா ஆகாதாமா?" என்று கேட்டுவிட்டு மரவள்ளிக்கிழங்கு அவிக்கப் போய்விட்டாள்.

காட்டு வான்கோழியை நான் கண்ணால் கண்டதில்லை. எனக்குத் தெரிந்தது மலேசியாவின் பேராக் மாநிலத்துக் காட்டுக்கோழி. அதுவும் இதுவும் கோழி இனந்தான். இரண்டுக்கும் கண் கூர்மை, இரண்டும் விடியலில் கூவும், கர்வத்தால் கெடுவதும் இரண்டுக்கும் பொது. ஆகவே பேத்திக்கு நான் எழுதியதில் பாதி வான்கோழிக்கும் பொருந்தும். மீதியை அவளே தேடிக்கொள்வாள். துப்பாக்கியைத் தொடவே போகாத பிள்ளைகளும் இதைப் படிப்பீர்கள். படியுங்கள், நஷ்டமில்லை.

*

1965-இல் எனக்குப் பதினாறு வயது. சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் பால் மரம் வெட்டினார்கள். எங்கள் பக்கத்தில் துப்பாக்கி என்ற சொல்லைப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். 1948 ஜூன் 16-ஆம் தேதி காலையில் மூன்று தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டது சுங்கை சிப்புட் வட்டாரத்தில்தான். அதையொட்டி வந்த அவசரகாலம் 1960 வரை பன்னிரண்டு வருஷம் நீடித்தது. முள்கம்பி வேலி, சோதனைச் சாவடி, அரிசிக்குக் கட்டுப்பாடு என்று வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். பட்டாசுச் சத்தத்துக்குக்கூட அம்மா எங்களைத் தரையில் படுக்கச் சொல்வாள்.

அப்படிப்பட்ட தோட்டத்தில் உரிமம் வாங்கிய வேட்டைத் துப்பாக்கி ஒன்று இருந்தது, தோட்டத்து எழுத்தரான யாழ்ப்பாணத்துக் கிராணி ஐயாவிடம். காட்டுப்பன்றி இளங்கன்றுகளின் வேரைக் கிளறித் தள்ளியதால் அதை விரட்ட என்று வாங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தோள்பையைத் தூக்குகிற பையன் நான். கூலி கிடையாது. போகும்போது தேநீர், வரும்போது வசவு.

அந்தத் துப்பாக்கி ஸ்பெயின் நாட்டு இரட்டைக்குழல், 12 நம்பர். மலாய்க்காரர்கள் இந்த வகையை 'செனாப்பாங் பாத்தா' என்பார்கள், ஒடிந்த துப்பாக்கி. நடுவில் ஒடித்துத் தோட்டாவை வைத்து மூடுவது. பேர் வைத்தவன் விவரமானவன். ஒடித்துக் கையில் தொங்கவிட்டால் சுடாது, சுடாது என்பது எதிரே வருகிறவனுக்கும் தூரத்திலேயே தெரிந்துவிடும். கிராணி சாக்கடையைத் தாண்டும்போதும் ஒடிப்பார், லயத்துப் பக்கம் திரும்பும்போதும் ஒடிப்பார், பால் வாளியோடு ஒரு கிழவி எதிரே வந்தாலும் ஒடிப்பார். "நான் உனக்கு ஆபத்தில்லை எண்டு வாயால சொல்லக்கூடாது, காட்ட வேணும்" என்பார்.

12 நம்பர் என்றால் என்ன என்று அவர்தான் சொன்னார். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான பன்னிரண்டு உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டையின் பருமன் எவ்வளவோ அதுதான் குழலின் உள்வட்டம், ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். 20 நம்பருக்கு அதே ஈயத்தில் இருபது உருண்டை. அதனால் நம்பர் ஏற ஏறக் குழல் சிறுக்கும். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஏறாத தலைகீழ் விகிதம் அன்றைக்கு ஏறியது.

சோக் என்பது குழலின் வாயருகே கடைசி இரண்டு மூன்று அங்குலத்தில் செய்கிற சின்னச் சுருக்கம். முழுச் சோக்கிலேயே அது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான், விரலை விட்டுப் பார்த்தால் தெரியாது. அம்மா லயத்து வாசலில் கோலம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு அதன் வேலை புரியும். இரண்டு விரலை இறுக்கினால் மாவு கம்பியாக இறங்கும், தளர்த்தினால் பரவி விழும். மாவு அதே மாவுதான், பிடியில்தான் எல்லாம். தோட்டாவிலுள்ள ஈய ரவைகளும் அப்படித்தான். சுருக்கமே இல்லாத குழலில் சுட்டால், 40 கெஜத்தில் வைத்த 30 அங்குல வட்டத்துக்குள் நூற்றுக்கு 40 ரவை விழும். கால் சோக்கில் ஏறக்குறைய 55, அரைச் சோக்கில் 60, முழுச் சோக்கில் 70. துப்பாக்கிக்காரர்கள் பொதுவாக ஒப்புக்கொண்ட கணக்கு இது. ஸ்பெயின்காரன் இதைக் குழலின் அடியில் நட்சத்திரமாகப் பொறித்திருப்பான். ஒரு நட்சத்திரம் என்றால் முழு இறுக்கம், நான்கு என்றால் கால் இறுக்கம். கிராணியின் துப்பாக்கியில் வலக்குழலுக்கு நான்கு, இடக்குழலுக்கு ஒன்று. கிட்டத்துக்கு வலது, தூரத்துக்கு இடது.

இதை மனப்பாடம் செய்து ஒப்பித்தபோது நான் கெட்டிக்காரனாகிவிட்டேன் என்று நினைத்தேன். கிராணி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உது புத்தகத்துக் கணக்கு. இந்தத் துவக்குக்கு என்ன கணக்கு எண்டு கடதாசியைக் கேள், பெடியா."

*

அந்தக் கடதாசி கேட்கிற வேலையைப் பேத்திக்கு விலாவாரியாக எழுதினேன். மற்றதையெல்லாம் கடைக்காரனும் சொல்லுவான்.

எங்கள் தோட்டத்தில் நிரையில் மரத்துக்கு மரம் 12 அடி, அதாவது நான்கு கெஜம். பத்து மரம் எண்ணினால் 40 கெஜம். அளவுநாடா வேண்டாம். பழைய 'தமிழ் நேசன்' நாளிதழ்த் தாள்களை ரப்பர் பாலால் ஒட்டி நாலடிக்கு நாலடித் திரை செய்யலாம் என்று நான் எடுத்துக்கொண்டு போனேன். அம்மா பிடுங்கிக்கொண்டாள். எழுத்துள்ள தாளைச் சுடுவது சரஸ்வதியைச் சுடுவது, அதிலும் ஒரு பக்கத்தில் முருகன் படம் வேறு. கடைசியில் சிமென்ட் பைகளைப் பிரித்து உதறி ஒட்டினோம். ரப்பர் பால் காய்ந்தால் எந்தப் பசையும் அதற்கு ஈடில்லை.

திரையின் நடுவில் கரியால் ஒரு புள்ளி. பத்தாவது மரத்திலிருந்து கிராணி ஒரே ஒரு வெடி வைத்தார். பிறகு துளைகள் எங்கே நெருக்கமோ அங்கே ஆணியை நட்டு, 15 அங்குல நூலால் வட்டம் போட்டு, உள்ளே விழுந்த துளைகளை நான் எண்ண வேண்டும். எண்ணிய துளையைக் கரியால் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு தடவை எண்ணிவிடுவேன். ஒரு அவுன்ஸ் எடையுள்ள 6 நம்பர் தோட்டாவில் ஆங்கிலேயக் கணக்குப்படி 270 ரவை. முழுச் சோக்குக்கு 70 விழுக்காடு என்றால் 189 துளை இருக்க வேண்டும்.

141 இருந்தது.

தப்பாக எண்ணினேன் என்று மறுபடி எண்ணச் சொன்னார். 141. இன்னொரு திரை, அதே தோட்டா, 138. பிறகு பையிலிருந்து வேறு கம்பெனித் தோட்டாவை எடுத்தார். விலை மலிவானது, பன்றிக்காரர்கள் சீந்தாதது. 186. அதே குழல், அதே தூரம், அதே 6 நம்பர். இரண்டு தோட்டாவுக்கும் நடுவில் நாற்பத்தைந்து ரவை எங்கே போயின?

காரணங்கள் உண்டு. ஈயம் மிருதுவாக இருந்தால் வெடிக்கிற அழுத்தத்திலும் சோக்கில் உரசுவதிலும் ரவைகள் நசுங்கும். நசுங்கிய ரவை நேராகப் போகாது, காற்றில் ஒதுங்கிவிடும். அதனால்தான் கெட்டி ஈயத்துக்கு நல்ல பெயர். மருந்துக்கும் ரவைக்கும் நடுவிலுள்ள அடைப்பின் வகை, மருந்தின் வேகம், குழல் எப்படிக் கடைந்திருக்கிறது என்பதெல்லாமும் சேரும். எந்தக் காரணம் எந்தத் துப்பாக்கியில் எவ்வளவு என்பதை யாரும் உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்ல முடியாது. விலைச்சீட்டும் சொல்லாது, நட்சத்திரமும் சொல்லாது. ஒரு வெடியை நம்பவும் கூடாது. கிராணி ஒவ்வொரு தோட்டாவுக்கும் மூன்று திரை வைப்பார். அந்தக் காலத்தில் அவர் சம்பளத்துக்கு அது பெரிய ஊதாரித்தனம். அவர் மனைவி பெரியம்மா அடுப்படியிலிருந்து கத்துவார், மரத்தைச் சுடுகிற மனுஷனை இங்கேதான் பார்க்கிறேன் என்று.

*

இவ்வளவு கற்றும் நான் ஒரு பாவம் செய்தேன்.

1967-இல் ஒரு மாலை. மழை விட்டு நிரைகளில் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. கிராணிக்கு முழங்கால் வலி. துப்பாக்கியை என் கையில் கொடுத்துவிட்டு அருகிலேயே மரத்தில் சாய்ந்து நின்றார். சட்டப்படி அது சரியில்லை என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நிரையின் கடைசியில், மூங்கில் புதருக்கு வெளியே, சேவல் வந்து நின்றது. காட்டுச்சேவலை வீட்டுச் சேவலென்று ஏமாற முடியாது. காதோரம் வெள்ளைப் பொட்டு, வால் அடியில் வெண்மை, சாம்பல் கால். கூவும்போது கடைசியில் வீட்டுச் சேவல் மாதிரி இழுக்காது, வெட்டினாற்போல் நிறுத்தும்.

மரங்களை எண்ணினேன். பதினைந்து. 60 கெஜம். எனக்குத் தெரியும், அந்தத் தூரத்தில் எந்தத் திரையும் நாங்கள் வைத்ததில்லை. கிராணி மெல்லிய குரலில், "வேண்டாம், விடு" என்றார். இடக்குழல் முழுச் சோக், 186 போட்ட அதே மலிவுத் தோட்டா, என் கை நடுங்கவில்லை. மனம் இத்தனை காரணம் சொல்லியது. சுட்டேன்.

சேவல் குட்டிக்கரணம் போட்டது. எழுந்தது. ஒரு இறக்கையை இழுத்துக்கொண்டு மூங்கிலுக்குள் ஓடியது.

இருட்டும் வரை தேடினோம். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னால் நான் மட்டும் போய்த் தேடினேன். மூன்றாம் நாள் பால் எடுக்கப் போன அம்மாதான் கண்டுபிடித்தாள், சிற்றோடைக் கரையில், எறும்பு மொய்த்து. எத்தனை மணிநேரம் உயிரோடு கிடந்ததோ. அதைக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டு அம்மா ஒன்றும் பேசாமல் குளிக்கப் போனாள். அவள் ஏதாவது திட்டியிருக்கலாம்.

கிராணி ஒரே காரியந்தான் செய்தார். அந்த ஞாயிறு பதினைந்து மரத் தூரத்தில் திரையை வைத்து அதே குழலில் அதே தோட்டாவைச் சுட்டார். நடுவில் சேவல் அளவுக்கு ஒரு சேவலைக் கரியால் நான் வரைய வேண்டும். துளைகளை எண்ணச் சொன்னார். சேவலுக்குள் மூன்று விழுந்திருந்தன, மூன்றும் இறக்கையில். தலையிலும் கழுத்திலும் ஒன்றுகூட இல்லை. திரையைச் சுருட்டி என் கையில் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். அது வெகுகாலம் எங்கள் டிரங்குப் பெட்டியில் கிடந்தது.

அந்த வருஷந்தான் தோட்டத்துக்கு அடுத்த கம்பத்தில், அதாவது கிராமத்தில், ஒரு மலாய்ப் பெரியவரோடு பழக்கமானேன். அவர் காட்டுக்கோழி பிடிப்பார், துப்பாக்கி இல்லாமல். 'ஆயாம் டெனாக்' என்று பழக்கிய சேவலை வெட்டவெளியில் கட்டுவார். அதைச் சுற்றி 'ராசிக்' என்கிற சுருக்குக் கண்ணிகளை வரிசையாக நடுவார். தம் எல்லையில் இன்னொருவன் கூவுகிறான் என்று காட்டுச்சேவல் சண்டைக்கு வரும், கால் மாட்டும். அவருக்கு சோக் பற்றிக் கவலையில்லை, தோட்டா விலை பற்றிக் கவலையில்லை. தூரத்தை வெல்ல அவர் குழலை இறுக்கவில்லை, கோழியைக் கிட்ட வரவழைத்தார். வான்கோழி வேட்டைக்காரர்களும் வசந்தகாலத்தில் இதைத்தான் செய்கிறார்கள் என்று பேத்தி சொல்லித் தெரிந்துகொண்டேன். மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து பெட்டையின் குரலை எழுப்பினால் சேவல் தேடிக்கொண்டு வருகிறதாம். மிசூரிக்காரனுக்கும் சுங்கை சிப்புட் மலாய்க்காரருக்கும் ஒரே புத்தி.

*

தூரம் ஒரு பக்கம் என்றால் கிட்டம் இன்னொரு பக்கம். அதையும் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு காலை சேவலொன்று இரண்டு மரத் தூரத்தில், புல்லிலிருந்து என் முகத்துக்கு நேரே எழும்பியது. இடக்குழலை இழுத்துவிட்டேன். முழுச் சோக் எட்டுக் கெஜத்தில் ரவைகளை ஒரு கைப்பிடி அளவில்தான் வைத்திருக்கும். சேவலுக்குப் பின்னால் மண்மேட்டில் என் கைமுட்டி நுழைகிற பள்ளம் விழுந்தது. சேவல் கொக்கரித்துக்கொண்டே போயிற்று. பட்டிருந்தாலும் கறி மிஞ்சியிருக்காது. கிராணி விழுந்து விழுந்து சிரித்தார்.

தூரத்துக்கு இறுக்கியது கிட்டத்தில் உதவாது. என் மகனை, அதாவது இந்தப் பெண்ணின் அப்பனை, நான் வளர்த்த விதமும் ஏறக்குறைய அப்படித்தான். அது வேறு கதை, அவனே ஒருநாள் எழுதுவான்.

இன்றைய வான்கோழிச் சோக்குகள் பழைய முழுச் சோக்கைவிட இறுக்கமானவை. அதற்குக் காரணம் உண்டு. வான்கோழியை உடம்பில் சுடுவதில்லை. இறகும் சதையும் கவசம் மாதிரி. தலையும் கழுத்தும்தான் இலக்கு. அதனால் அவர்கள் 30 அங்குல வட்டத்தை விட்டுவிட்டு 10 அங்குல வட்டத்தை வைத்துக்கொள்கிறார்கள். அதற்குள் 100 ரவை விழுகிற தூரம்தான் உன் தூரம் என்பது அவர்களுடைய கைக்கணக்கு. நல்ல கணக்கு. கிராணி கேட்டிருந்தால் மெச்சியிருப்பார்.

*

தோட்டா விஷயத்துக்கு வருகிறேன்.

ரவை நம்பர் ஏற ஏற ரவை சிறுக்கும், எண்ணிக்கை கூடும். எங்களுக்குப் பன்றிக்கு எஸ்ஜி, ஒரு அவுன்ஸுக்கு எட்டே உருண்டை. கோழிக்கு 4, 5, 6 நம்பர்கள், அவுன்ஸுக்கு 170, 220, 270. பன்றிக்கு வந்தவன் எதிரே கோழி நின்றால் எஸ்ஜியை விடக் கூடாது, கோழிக்கு வந்தவன் பன்றியை 6 நம்பரால் சீண்டவே கூடாது. கிராணி அதனால் இடப்பக்கப் பையில் ஒன்று, வலப்பக்கப் பையில் ஒன்று என்று பிரித்து வைப்பார். பையில் கைவிட்டுத் தடவித் தேடுகிறவனை அவர் வேட்டைக்காரனாகவே மதிக்கமாட்டார்.

பேத்திக்கு முக்கியமாக ஒன்று எழுதினேன். நம் 6 நம்பரும் அமெரிக்கா 6 நம்பரும் ஒன்றல்ல. ஆங்கிலேய 6 ஏறக்குறைய 2.6 மில்லிமீட்டர், அமெரிக்க 6 ஏறக்குறைய 2.8, அங்கே அவுன்ஸுக்கு 225 ரவைதான். தாத்தா சொன்ன எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்குப் போகக் கூடாது. மிசூரியில் வான்கோழிக்கு 4 நம்பரைவிடப் பெரிய ரவை கூடாதென்பது விதி. ஆகவே 4, 5, 6 என்ற மூன்றுக்குள்தான் ஈயத்தில் அவள் தேர்வு. நடுவிலுள்ள 5-இல் தொடங்கிக் கடதாசியைக் கேட்கச் சொன்னேன்.

அவள் அனுப்பிய படத்திலிருந்த அந்த விலையுயர்ந்த பெட்டி டங்ஸ்டன் ரவை. ஈயத்தின் அடர்த்தி ஏறக்குறைய 11, டங்ஸ்டன் ரவைக்கு 18. ஆகவே 9 நம்பர் என்கிற பொடி ரவைகூடக் கனத்தால் ஊடுருவிப் போகும், அவுன்ஸுக்கு எண்ணிக்கையும் மிக அதிகம். மெய்யான முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை வாங்குகிறவர்களில் பாதிப்பேர் பதினைந்தாவது மரத்தைச் சுடத்தான் வாங்குகிறார்கள் என்று என் கிழட்டுப் புத்திக்குத் தோன்றுகிறது. முதல் வேட்டைக்கு ஈயம் போதும். எஃகு ரவை மட்டும் எந்தச் சோக்கில் போகலாமென்று அந்த சோக்கிலேயே எழுதியிருக்கும், அதைப் படிக்காமல் போடக் கூடாது. எஃகு ஈயம் மாதிரி நெளிந்து கொடுக்காது, இறுக்கமான குழலைக் கெடுத்துவிடும்.

எங்கள் காலத்துத் தோட்டாவுக்குக் காகித உடம்பு. பேராக் மழையில் அது ஊதிப்போய்க் குழலுக்குள் நுழையாது. பாதி நுழைந்தது வெளியே வராது. கிராணி மைலோ டின்னில் கரித்துண்டு போட்டு அடைத்து வைப்பார். பிளாஸ்டிக் தோட்டா வந்த பிறகு அந்தத் தொல்லை போயிற்று. போகாத தொல்லைகள் இரண்டு. ஒன்று குளவி. இரண்டு நாள் சும்மா சாய்த்து வைத்த குழலுக்குள் குளவி மண்கூடு கட்டிவிடும். அதைப் பார்க்காமல் சுட்டால் குழல் வெடிக்கும், விரல் போகும். ஆகவே தோட்டா வைக்கும் முன் ஒடித்து, வானத்தைக் குழல் வழியாகப் பார்க்க வேண்டும். மற்றது 20 நம்பர் தோட்டா. அது 12 நம்பர் குழலில் நழுவி முன்னே போய்ச் சிக்கிக்கொள்ளும். பின்னாலிருந்து பார்க்கிற அவசரக்காரனுக்குக் குழல் காலியாகத் தெரியும். மேலே இன்னொரு தோட்டாவைப் போட்டுச் சுடுவான். அதற்காகத்தான் 20 நம்பர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நம்பர் துப்பாக்கிகளும் உள்ள வீட்டில் ஒரே பையைப் பயன்படுத்தக் கூடாது. பேத்தியின் கூட்டாளி வீட்டில் இரண்டும் உண்டாம். மூன்று தடவை எழுதினேன்.

தோட்டாவுக்கு எண்ணிக்கைக் கணக்கும் உண்டு. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கு உரிமம், தோட்டாவுக்குக் கணக்கு. கிராணி ஒரு நோட்டுப் புத்தகத்தில் வாங்கியது, சுட்டது, மிச்சம் என்று மூன்று கட்டம் போட்டு எழுதுவார். நான் சிரிப்பேன். எழுபதுகளில் சிரிப்பு நின்றது. 1975 நவம்பரில் பேராக் போலீஸ் தலைவரே ஈப்போவில் சுட்டுக் கொல்லப்பட்டார். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாப்புப் பகுதியில் உரிமமில்லாத தோட்டா கையில் அகப்பட்டாலே தூக்கு என்றிருந்த காலம். கால்சட்டைப் பையில் மறந்துபோன ஒரு தோட்டா உயிரை வாங்கும். எனக்குச் சொந்த உரிமம் கிடைத்த பிறகு நானும் மூன்று கட்டம் போட்டேன், துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்த நாள் வரைக்கும். கடைசி வரியில் மிச்சம் என்ற கட்டத்தில் பூஜ்யம்.

இன்றைக்கும் இங்கே போலீஸ் உரிமம் தனி, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் வேட்டை உரிமம் தனி. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் காட்டுக்கோழியையும் பார்த்துக்கொள்கிறது. பேத்தி இருக்கிற நாட்டில் துப்பாக்கி மலிவு என்று நினைத்திருந்தேன். மாணவர் விசாவில் இருப்பவர் வேட்டை உரிமம் போன்ற ஒரு விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கியை வைத்துக்கொள்ளவே கூடாது என்பது அங்கே மத்தியச் சட்டம். அவளுக்கும் அது தெரிந்திருக்கவில்லை. முதலில் பயிற்சி வகுப்பு, பிறகு உரிமம், பிறகுதான் சோக் என்று எழுதினேன். அங்கே 1937-இல் வந்த ஒரு சட்டத்தால் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வாங்குகிற வரிப்பணம் காட்டு உயிர்களைக் காப்பாற்றப் போகிறது. ஒரு காலத்தில் அழியும் நிலைக்கு வந்த வான்கோழி மறுபடி பெருகியதில் அந்தப் பணத்துக்கும் பங்குண்டு. நம் ரப்பர் காட்டுக் கோழிகளுக்கு அப்படி யாரும் வரி கட்டியதில்லை. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், செம்பனையை வெட்டித் தாமான் என்கிற குடியிருப்பு கட்டினார்கள். எங்கள் பத்து மரம் நின்ற இடத்தில் இப்போது கார் கழுவுகிற கடை.

*

ஒரு விஷயத்தை அவள் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். வான்கோழிச் சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம். அந்த மூன்று நிறமும் உடம்பில் ஒரு கைக்குட்டை அளவுக்குக்கூட இருக்கக் கூடாது. பெட்டைக் குரல் எழுப்பிக்கொண்டு புதருக்குள் மறைந்திருக்கிறவனை, அந்தக் குரலைத் தேடி வருகிற இன்னொரு வேட்டைக்காரன் வான்கோழி என்று சுட்டுவிடுவதுண்டு. தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். சேவல் குரல் கேட்கிற இடத்தை நோக்கித் தவழ்ந்து போகக் கூடாது, அந்தக் குரலும் மனிதனாக இருக்கலாம். இங்கேயும் பன்றி என்று நினைத்து மனிதனைச் சுட்ட செய்தி பேப்பரில் வந்துகொண்டுதான் இருக்கிறது. அசைவைப் பார்த்துச் சுடக் கூடாது, சத்தத்தைக் கேட்டுச் சுடக் கூடாது. மிசூரியில் சேவலை அல்லது தாடி தெரிகிற வான்கோழியை மட்டுமே வசந்தகாலத்தில் சுடலாமாம், மார்பிலிருந்து தொங்குமே, அந்தத் தாடி. நல்ல சட்டம். தாடி தெரிகிற வரைக்கும் விரல் விசைக்குப் போகாது.

மார்ச் மாதக் கடைசியில் அவள் கடதாசி வந்தது. படமாகத்தான். 40 கெஜத்தில் மூன்று, 30 கெஜத்தில் மூன்று. பக்கத்து வீட்டுப் பையன் பெரிய தாளில் அச்சடித்துக் கொடுத்தான். பூதக்கண்ணாடியும் சிவப்புப் பேனாவும் எடுத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்தேன். வீட்டுக்காரி தேநீர் வைத்துவிட்டுப் போனாள், ஆறிப்போயிற்று. 40 கெஜத்தில் 10 அங்குல வட்டத்துக்குள் 71, 66, 74. 30 கெஜத்தில் 122, 117, 125.

"உன் துப்பாக்கிக்கு ஏழரை மரம்" என்று எழுதினேன்.

"கடைக்காரர் இந்த சோக் 50 கெஜத்துக்குன்னு சொன்னாரே தாத்தா."

"கடைக்காரர் துப்பாக்கியில் 50 ஆக இருக்கலாம்."

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு வந்தது: "இங்க ரப்பர் மரம் இல்லையே, எப்படி எண்ணுறது?"

அதற்கு நான் பதில் எழுதவில்லை. மறுநாள் அவளே ஒரு படம் அனுப்பினாள். அவள் உட்காரப் போகிற ஓக் மரத்திலிருந்து காலடியால் அளந்து, 30 கெஜத்தில் ஒரு குச்சி நட்டிருக்கிறாள். அதைத் தாண்டி நிற்கிறது எதுவானாலும் விட்டுவிடுவதாகக் கீழே எழுதியிருந்தாள். அடையாளத்துக்குக் குச்சி நுனியில் ஒரு துணி கட்டியிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிவப்புத் துணி.

உடனே அவிழ்க்கச் சொன்னேன்.